முதல் வகுப்பும் முப்பத்தைந்து சொற்களும்

ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் கணினி நிரலாக்கம் கற்பிப்பதென்று ஊர்ப்பள்ளியொன்று முடிவெடுக்கிறது. நல்ல முடிவே. உடனே ஒரு திட்டத்தாள் அணியமாகிறது. முதல் நாள், கணினியின் வரலாறும் தலைமுறைகளும். இரண்டாம் நாள், உறுப்புகளின் பெயர்கள். மூன்றாம் நாள், நிரல்மொழிகளின் வகைகள். நான்காம் நாள், உலகத்தை நோக்கி ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லும் அந்த ஒற்றைவரி நிரல். அனைத்தும் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதப்படும், பிள்ளைகள் படியெடுப்பர். ஐந்தாம் நாள் பின்வரிசை வெறிச்சோடும். பத்தாம் நாள் எஞ்சியிருப்போர் வீட்டில் ஆங்கிலம் புழங்குவோரும் வீட்டிலேயே கணினி வைத்திருப்போருமே. நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றித் திட்டந்தீட்டியவர் என்ன சொல்வார்? "அவர்களுக்கு இதற்குரிய மூளை இல்லை" என்பார். சற்றே இரக்கமுள்ளவராயின், "ஆங்கிலம் போதவில்லை" என்பார்.

இவ்விரு தீர்ப்புகளும் பொய்த்தீர்ப்புகள். அந்நான்கு நாளும் அப்பிள்ளைக்கு நிரலாக்கம் கற்பிக்கப்படவே இல்லை. செய்யவேண்டிய வேலையொன்றைச் சிறுசிறு ஏவல்களாகப் பிரித்து, முன்பின் மாறாமல் அடுக்கி, ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லும் கலைக்கே நிரலாக்கம் என்று பெயர். திட்டத்தாளின் முதல் நான்கு நாளில் இக்கலை எங்கே இருக்கிறது? அயன்மொழிப் பெயர்ப்பட்டியலை உருப்போட வைத்துவிட்டு, உருப்போடாதவனை மூளையற்றவன் என்பது கற்பித்தல் ஆகாது, வடிகட்டுதல். வடிகட்டியில் தங்குவோர் எவரென்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் அவ்வடிகட்டியையே ஆண்டுதோறும் கையில் எடுப்பது அறியாமையும் அன்று.

இதற்கு அரணாக ஒரு கூற்று நெடுங்காலமாகத் தமிழ்நாட்டில் உலவி வருகிறது. நிரலாக்கம் ஆங்கிலத்தின் வயிற்றுப்பிள்ளையாம். ஆங்கிலம் அறியாதவன் அதன் வாயிற்படியிலும் கால்வைக்க முடியாதாம். இதைச் சொல்வோர் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். எண்ணுதல் என்றது எண்ணிக்கையையே.

இன்று தொடக்கநிலையினருக்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படும் நிரல்மொழி பைத்தான். தமிழ்நாட்டு அரசு 2019-இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் கணினி நூலும் அதையே எடுத்துக்கொண்டது. அம்மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட காப்புச்சொற்கள் எத்தனை? முப்பத்தைந்து. பத்தாம் வகுப்பில் தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்ணும் முப்பத்தைந்தே, பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அம்முப்பத்தைந்திலும் எலிஃபு, தெஃபு போன்றவை ஆங்கிலச் சொற்களை வெட்டியும் ஒட்டியும் செய்த துண்டுகள். ஆங்கிலப் பிள்ளையும் அவற்றைப் புதிதாகத்தான் கற்கவேண்டும். முதல் ஒரு மாதத்திற்கு இவற்றுள் பத்துச் சொல் போதும். அச்சிடுதல், உள்வாங்குதல் போன்ற வேலைகளுக்கான ஏவற்பெயர்கள் இன்னுமொரு பத்து என்று வைத்துக்கொள்வோர் வைத்துக்கொள்ளட்டும். ஆக இருபது சொல். இருபது சொல்லுக்காக ஒரு மொழியையே பிள்ளையின் தலைமேல் ஏற்றி, ஏறாவிட்டால் திருப்பியனுப்புவது எந்த ஊர் முறை? இரும்புக்கு வேதியலார் வைத்த குறி இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தது. இலத்தீனம் கற்றுவந்த பிறகே வேதியல் வகுப்பில் அமரலாம் என்று எப்பள்ளியும் வாயில்காப்போனை நிறுத்தவில்லை. குறியைக் குறியாகக் கற்றார்கள். பொருளைத் தமிழில் கற்றார்கள். நிரல்மொழியின் சொற்களும் அத்தகைய குறிகளே.

அக்குறிகள் ஆங்கிலத்தில் அமைந்ததும் பொறியின் இயல்பால் அன்று. கிரேசு ஆப்பர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கணக்கியல் வல்லுநர், 1950-களில் பிலடெல்பியா நகரத்தில் கணினிக் குழுமமொன்றில் பணியாற்றினார். பொதுமக்கள் சொற்களால் எழுதிய ஏவல்களைப் பொறி தானே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள இயலும் என்று காட்டியவர்களுள் முன்னவர். ஆங்கிலச் சொற்களால் எழுதிய அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் செருமானியச் சொற்களாலும் எழுதி, மூன்றும் ஒன்றுபோலவே ஓடும் என்று தம் மேலாளர்களுக்கு விளக்கினார். பொறிக்கு எந்தச் சொல்லும் ஒன்றே. அது காண்பது எழுத்துக்கோவையை மட்டுமே. மேலாளர்களோ மகிழ்வதற்கு மாறாக மிரண்டார்கள். அமெரிக்கக் கணினி அயன்மொழி பேசுவதா என்று முகஞ்சுளித்தார்கள். ஆங்கிலத்தை விட்டு அகலமாட்டோம் என்று உறுதிசொன்ன பிறகே அவருடைய திட்டம் நகர்ந்தது. இதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் கணினிக்குள் நுழைந்தது அறிவியலின் ஆணையால் அன்று, மேலாளர்களின் அச்சத்தால் என்பதை வாயில்காக்கும் தமிழர் அறிந்துகொள்ளட்டும்.

ஆங்கிலத்தை விட்டால் கணினிக்கல்வியே நடவாது என்போர் உருசியாவைப் பார்க்கவேண்டும். நோவோசிபிர்சுக்கு நகரத்து அறிஞர் ஆந்திரேய் எர்சோவ், நிரலாக்கத்தை மாந்தனின் இரண்டாம் எழுத்தறிவு என்று 1981-இல் உலகக் கருத்தரங்கில் அறிவித்தார். 1985 செப்டம்பரில் சோவியத்து நாட்டுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் நிரலாக்கம் பொதுப்பாடமாயிற்று. பெரும்பாலான பள்ளிகளில் அப்போது கணினியே இல்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தொடங்கு, முடி, எனில், இல்லையேல் என்பனவற்றிற்கு உருசியச் சொற்களையே வைத்து ஒரு பள்ளி நிரல்மொழியை வகுத்தார்கள். பிள்ளைகள் தாளில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பொறியாக நின்று வரிவரியாகச் செய்து பார்த்தார். அம்மரபில் வந்த குமீர் என்னும் உருசியச் சொல்நிரல்மொழி பின்னரும் அந்நாட்டுப் பள்ளிகளில் வழங்கிவந்தது. உருசிய நிரலாளர் உலகில் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பது ஆங்கிலப் பற்றாளர்க்கும் தெரியும்.

அயல்நாட்டுச் சான்று எதற்கு? யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860-களில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். அவருக்குத் தமிழ் தாய்மொழி அன்று, கற்றுக்கொண்டார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கல்வியாளர்க்கோ இருபது சொல் குறுக்கே நிற்கிறது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோதும் கட்டடவியலும் இயந்திரவியலும் இடம்பெற்றன. கணினியியல் அப்பட்டியலில் இல்லை.

இனி, மறுபக்கத்துப் பிழையையும் மறைப்பதற்கில்லை. தமிழ்ப்பற்றாளர் சிலர் தீட்டும் திட்டத்தாளும் உண்டு. அதில் முதல் நாள் அறுபது கலைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் வேர்ச்சொல் விளக்கம், கணினியா கணிப்பொறியா என்னும் வழக்கு, மாலையில் வாழ்த்துரை. பிள்ளை இங்கும் ஒரு பட்டியலைத்தான் படியெடுக்கிறான். அயன்மொழிப் பட்டியல் நஞ்சென்றால் தாய்மொழிப் பட்டியல் பத்தியம் ஆகிவிடாது. சொல் பொருளுக்குப் பின்னால் வரவேண்டும். செய்கையொன்றைப் பிள்ளை தன் கையால் செய்து, 'இதற்கு என்ன பெயர்' என்று கேட்கும் நொடியில் கொடுக்கும் தமிழ்ச்சொல் சாகும்வரை மறவாது. முன்கூட்டிக் கொடுத்த சொல் தேர்வு முடியும்வரை நின்றால் பெரிது.

சொல்லைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். எழில் என்று ஒரு தமிழ் நிரல்மொழி இருக்கிறது, பைத்தானின்மேல் கட்டப்பட்டது, ஆக்கியோர் பாராட்டுக்குரியோர். ஆராயவேண்டிய உறுதியை முன்வைத்து அதன்பின் 'ஆனால்' என்று எழுதச் சொல்லும் அதன் முறை தமிழ்த்தொடரின் இயல்பறிந்த முறை. ஆயினும் 'ஆகு' என்பதன் எச்சமாகிய 'ஆனால்' இன்றைய பிள்ளையின் காதில் 'ஆயினும்' என்றே ஒலிக்கிறது. "மழை பெய்தது, ஆனால் நனையவில்லை" என்று பேசுகிறவனுக்கு அச்சொல் ஒரு நொடி இடறும். 'எனில்' என்பதில் அவ்விடறல் இல்லை. இது குறைகூறல் அன்று. தமிழாசிரியன் கணினி வகுப்புத் திட்டத்தில் ஏன் அமரவேண்டும் என்பதற்குச் சான்று. ஆங்கிலேயர்க்கும் இவ்விடறல் உண்டு. போனார், சோலோவே என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது. வொயில் என்னும் சொல்லைத் தம் பேச்சுவழக்குப் பொருளிலேயே கொண்ட ஆங்கில மாணவர், சுழற்சியின் நடுவில் நிலை மாறிய அந்நொடியே பொறி நின்றுவிடும் என்று நம்பினார்கள். பொறியோ ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில்தான் நிலையைப் பார்க்கும். ஆங்கிலம் அறிந்தவனுக்கே ஆங்கிலச் சொல் குழி வெட்டுகிறதென்றால், ஆங்கிலம் அறியாதவனை அக்குழிக்குள் இறக்கிவிட்டு விளக்கத்தையும் ஆங்கிலத்திலேயே சொல்வோரை என்னென்பது?

எனவே முதல் வகுப்பு எப்படித் திட்டமிடப்படல் வேண்டும்?

முதல் நாள் கணினி வேண்டாம். ஒரு பலாப்பழம் போதும். காரி நாயனாரின் கணக்கதிகாரம், பலாவை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணுவதற்கு ஒரு வழி சொல்கிறது: காம்பருகே சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணுக, அதை ஆறால் பெருக்குக, வந்ததை ஐந்தால் வகுக்க. நூறு முள்ளெனில் நூற்றிருபது சுளை. இதுவே ஒரு நிரல். உள்வாங்குவது ஒன்று, செய்வது இரண்டு, வெளியிடுவது ஒன்று. ஒரு பிள்ளை பொறியாக நிற்கட்டும், மற்றொருவன் ஏவட்டும். 'முள்ளை எண்ணு' என்றால் எந்த முள்ளை? காம்பிலிருந்து எவ்வளவு தொலைவு வரை? பொறியாக நிற்பவன் வேண்டுமென்றே பழத்தின் அடிவரை எண்ணத் தொடங்கினால் வகுப்பு சிரிக்கும். சிரித்த வகுப்பு ஏவல் ஐயமற்றதாக இருக்கவேண்டும் என்பதை மறவாது.

பிறகு பழத்தை அறுத்து எண்ணுக. கணக்கும் சுளையும் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். ஒத்துப்போகாவிடில் இன்னும் நன்று. பொறி பிழைசெய்யவில்லை, கொடுத்த வழியை அப்படியே செய்தது. வழி சரியா என்பதைப் பொறி அறியாது, மாந்தன்தான் பழத்தை அறுத்துப் பார்க்கவேண்டும். பொறிக்குள் தன் உள்ளக்கிடக்கையை அறிந்துகொள்ளும் ஓர் அறிவு ஒளிந்திருக்கிறது என்று தொடக்கநிலையினர் நம்புவதை இராய் பீ என்னும் ஆய்வாளர் 1986-இலேயே குறித்தார். இன்று கேட்ட வினாவுக்கெல்லாம் விடையெழுதித் தரும் பொறிகள் வந்துவிட்ட பிறகு அந்நம்பிக்கை எவ்வளவு முற்றியிருக்கும் என்று சொல்லவேண்டுவதில்லை. அறுத்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஊட்டிவிட வேண்டும்.

மறுநாள் அதே வழியைக் கணினியில் எழுதச் செய்க. நூறு முள்ளுக்கு 120 என்று வராது, 120.0 என்று வரும். "சுளையில் புள்ளி ஏது?" என்று ஒருவனாவது கேட்பான். இருபத்துமூன்று முள்ளென்று கொடுத்தால் 27.6 என்று வரும். பத்தில் ஆறு சுளையை எவன் தின்றான்? முழு எண்ணுக்கும் பின்ன எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டத்தாள் 'தரவு வகைகள்' என்று தலைப்பிட்டு ஒருமணி நேரம் ஓதுகிறது; பலாச்சுளை அதை ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. முழுச்சுளை மட்டும் வேண்டுமெனில் எப்படி வகுப்பது என்று பிள்ளையே கேட்கும். அப்போது விடை சொன்னால் போதும்.

அடுத்தது பெயரிடுதல். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது முதல், பிள்ளை தான் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். இதைக் கணினி ஆசிரியர் பலரே அறியார். அறிந்தோருட் சிலர் சொல்லவும் மாட்டார். கீழே உள்ளது முழுமையான, ஓடக்கூடிய நிரற்பகுதி:

கூலி = 650
நாள் = 6
வாரக்கூலி = கூலி * நாள்

ஓர் ஆங்கில எழுத்தும் இல்லை. அண்ணனின் கட்டடவேலைக் கூலியைக் கணக்கிடும் பெண்பிள்ளைக்கு இம்மூன்று வரியில் விளங்காதது ஒன்றுமில்லை. இனி நான்காம் வரியாகக் கூலியை 700 என்று மாற்றி, வாரக்கூலி எவ்வளவு என்று கேட்கவேண்டும். வகுப்பில் பலர் 4200 என்பர். பொறி 3900 என்றே சொல்லும். ஏன்? கணக்குப் பாடத்துச் சமக்குறி இருபுறமும் என்றும் ஒத்திருப்பதைக் குறிப்பது. நிரலின் சமக்குறி, அந்நொடியில் கணக்கிட்டு வந்ததற்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதைக் குறிப்பது. சீட்டு ஒட்டிய பிறகு மேலே கூலி ஏறினாலும் கீழே ஒட்டியது தானாக மாறாது. "எண்ணிக்கை = எண்ணிக்கை + 1" என்பதைக் கணக்காகப் படித்தால் பித்தன் எழுதியதாகத் தோன்றும். "எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு, வந்ததற்கு எண்ணிக்கை என்றே மீண்டும் பெயரிடு" என்று தமிழில் வாய்விட்டுப் படித்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு வரியையும் இவ்வாறு வாய்விட்டுத் தமிழில் படிக்கச் செய்வதே வகுப்பின் பாதி வேலை. படிக்க முடியாத வரியைப் பிள்ளை எழுதக்கூடாது, ஆசிரியரும் எழுதலாகாது.

மூன்றாவது, ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்றைச் செய்தல். இங்குத் தமிழ்ப்பிள்ளைக்குத் தன் மொழியே ஒரு படி முன்னதாக நின்று கைகொடுக்கிறது. "மழை பெய்தால் குடையை எடு" என்பது தமிழின் ஒழுங்கு. ஆராயவேண்டியது முன், செய்யவேண்டியது பின். பொறியும் இவ்வொழுங்கிலேயே நடக்கிறது. ஆங்கிலத்தில் குடையை எடுக்கச் சொல்லிவிட்டு மழையைப் பிறகு சொல்வதும் இயல்பான வழக்கு. ஆக, நிரலாக்கத்தின் இவ்வொழுங்கிற்கு எம்மொழி நெருக்கமானது? ஆங்கிலத்தின் வயிற்றுப்பிள்ளை என்றோர் விடை சொல்லட்டும். இதைக்கொண்டு தமிழே உலகின் முதல் நிரல்மொழி என்று முழங்குவதும் வேண்டாம். அம்முழக்கத்தால் ஒரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதத் தெரியப்போவதில்லை. ஆராய்ந்து எழுதப் பழக்குக. முப்பத்தைந்து எடுத்தவன் தேறியவனா அல்லனா? 'முப்பத்தைந்துக்கு மேல் எனில்' என்று எழுதினால் முப்பத்தைந்தே எடுத்தவனைப் பொறி வீழ்த்திவிடும். 'முப்பத்தைந்தும் அதற்கு மேலும்' என்று சொல்லவேண்டும். உம்மையின் அருமையைத் தமிழாசிரியர் பத்தாண்டு சொல்லியும் பொருட்படுத்தாத பிள்ளை, ஒரு தோழன் தோற்றுப்போனதைத் திரையில் கண்டதும் பொருட்படுத்துவான்.

நான்காவது சுழற்சி. இதற்கு நூலைத் தேடவேண்டுவதில்லை. வாசலுக்குப் போனால் போதும். "பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி" என்று கோலமிடும் பெண்கள் சொல்வது என்ன? நடுவரிசையில் பதினைந்து, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய் எட்டில் நிறுத்து, ஒவ்வொரு வரிசைப் புள்ளியையும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே வை. தொடக்கம், எல்லை, அடி, இடம் அனைத்தும் நாலைந்து சொல்லில் அடங்கிவிட்டன. எழுத்தறியாத மூதாட்டியும் இந்நிரலை வாயால் சொல்லி, பேர்த்தியைப் பொறியாக்கி இயக்குகிறாள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிப்டு சிரோமணியும் இராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலத்தின் இலக்கணத்தைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட கட்டுரை உலக ஆய்விதழில் இடம்பெற்றது. தாம்பரத்து வாசற்கோலம் அயல்நாட்டு அறிஞர்க்குக் கணினிப் பாடமாயிற்று. தமிழ்நாட்டு வகுப்பறைக்குள் மட்டும் அது இன்னும் 'கைவேலை'யாகவே இருக்கிறது.

அக்கோலத்தின் புள்ளிகள் எத்தனை? கையால் கூட்டினால் 169. பைத்தானில் பதினைந்திலிருந்து எட்டு வரை இறங்குமாறு பிள்ளை எழுதினால் 153 என்று வரக்கூடும். பதினாறு புள்ளி எங்கே போயின? மேலே ஓர் எட்டும் கீழே ஓர் எட்டும் விடுபட்டன. கோலத்தில் 'எட்டு வரை' என்றால் எட்டும் உண்டு. பைத்தானின் எண்தொடரில் எல்லையாகச் சொன்ன எண் சேராது, ஒன்பதோடு நின்றுவிடும். இங்குத் தாய்மொழி வழக்கும் பொறியின் வழக்கும் முரண்படுகின்றன. முரண்படும் இடத்தை மூடி மறைக்காமல் சுட்டிக்காட்டுவதே தாய்மொழிவழிக் கல்வி. ஆங்கிலத்தில் உருப்போட்ட பிள்ளை 153 என்ற விடையையும் எழுதிக்கொண்டு போய்விடும்; அதற்குப் புள்ளி தெரியாது, எண் மட்டுமே தெரியும். கோலமிடும் பிள்ளையோ கடைசி வரிசையைக் காணோம் என்று உடனே கூவும்.

கோலத்தின் கோடுகளைத் திரையில் வரைவதற்கு ஆமை உண்டு. 1967-இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்காகவே ஆக்கப்பட்ட லோகோ என்னும் நிரல்மொழியில் புகழ்பெற்ற அவ்வாமை இன்று பைத்தானிலும் ஊர்கிறது. அதன் ஏவற்பெயர்களுக்கு 'முன்செல்', 'இடந்திரும்பு', 'வலந்திரும்பு' என்று மாற்றுப்பெயர் சூட்டி ஒரு சிறு கோப்பில் வைத்துவிட்டால் பிள்ளைகள் தமிழிலேயே ஆமையை ஏவலாம். ஆசிரியர்க்கு அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமல், தமிழில் கருவி இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது சோம்பல்.

தடைகள் இல்லையென்று யாரும் சொல்லவில்லை. பிழை நேர்ந்தால் பைத்தான் ஆங்கிலத்தில்தான் முறையிடும். பிள்ளை மிரள்வது அங்கேதான். அதற்கும் வழி உண்டு. தொடக்கநிலையினர்க்கு நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். தொடரமைப்புப் பிழை, பெயரறியாப் பிழை, உள்தள்ளற் பிழை, வகை பொருந்தாப் பிழை, சுழியால் வகுத்த பிழை. இவற்றின் ஆங்கில வடிவைப் படம்போல் எழுதி, எதிரே தமிழ்ப்பொருளையும், எங்கே பார்க்கவேண்டும் என்பதையும் குறித்துச் சுவரில் தொங்கவிடுக. தட்டச்சு இன்னொரு தடை. தமிழ்99 விசைப்பலகை 1999-இல் வகுக்கப்பட்டுக் கால்நூற்றாண்டு கடந்தும் பள்ளிகளில் அதற்கெனப் பயிற்சி கொடுப்போர் அரியர்; ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் குறுக்குவழியே பெருவழியாகிவிட்டது. முதல் வாரம் நாள்தோறும் கால்மணி நேரம் தமிழ்த்தட்டச்சுக்கு ஒதுக்காத திட்டம் திட்டமன்று.

"வேலைக்குப் போகவேண்டாமா? குழுமங்கள் ஆங்கிலத்தில் அல்லவா வினவும்?" என்பது கடைசி அம்பு. ஏழைப் பெற்றோரின் அச்சத்தில் நனைத்தெடுத்த அம்பு என்பதால் கூர்மையும் மிகுதி. அப்பெற்றோரைப் பழிப்பதற்கில்லை. ஆனால் வினவவேண்டியது இது: பத்தாம் நாளே வகுப்பை விட்டு ஓடிய பிள்ளைக்கு எக்குழுமம் வேலை கொடுத்தது? சுழற்சி என்றால் என்னவென்று தமிழில் அறிந்தவன் அதன் ஆங்கிலப் பெயரை ஒருநாளில் கற்பான். ஆங்கிலப் பெயரை மட்டும் கற்றவன் சுழற்சியை எப்போது கற்பான்? நிரலை வாய்பாடுபோல் மனனஞ்செய்து, தேர்வில் காற்புள்ளி மாறாமல் எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்று, பிறகு நேர்காணலில் ஒருவரி மாற்றிக் கேட்டதும் வாயடைத்து நிற்கும் இளைஞர்களை இவ்வாங்கிலவழித் திட்டந்தான் ஆண்டுதோறும் ஆக்கியனுப்புகிறது. ஆங்கிலம் வேண்டாமென்பதன்று இங்குள்ள வழக்கு. ஐந்தாம் வாரத்தில் அம்முப்பத்தைந்து சொற்களையும் ஒரே தாளில் எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டும். அதற்குள் அவர்கள் பலாவை எண்ணியிருப்பர், கூலி கணக்கிட்டிருப்பர், கோலம் வரைந்திருப்பர். தாளிலுள்ள குறிகளுள் பாதிக்கு அவர்களே பொருள் சொல்லிவிடுவர்.

தேர்வும் மாறவேண்டும். நிரலை எழுதுக என்று கேட்பதற்கு மாறாக, 153 என்று விடைதரும் அந்தப் பிழைக்கோல நிரலை அச்சிட்டுக் கொடுத்து, பதினாறு புள்ளிகள் எங்கே விடுபட்டன என்று ஒரே ஒரு வினா கேட்கட்டும். மனனம் செய்தவன் யார், விளங்கிக்கொண்டவன் யார் என்பது அரைமணியில் தெரிந்துவிடும்.

பண்ணுருட்டிப் பலா கோடையில்தான் சந்தைக்கு வரும். கோடை வகுப்புக்கும் அதுவே காலம். எனவே திட்டத்தாளை எழுத அமர்வோர் முதல் நாளுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் இவற்றை எழுதிக்கொள்ளட்டும்: காம்புடன் கூடிய பழம் ஒன்று, அரிவாள் ஒன்று, கையில் பால் ஒட்டாதிருக்கச் சிறிது எண்ணெய், பிள்ளைக்கு ஒரு தாள். கணினியறையின் திறவுகோல் மறுநாளுக்கு.